கறுப்பு காரைத் தினமும் துடைக்காதீர்கள்

தூசி படிந்திருக்கிறதே என்று கறுப்பு காரை உலர்ந்த துணியால் துடைப்பதுதான் அதற்கு நாம் செய்கிற பெரிய கெடுதல். தூசி அதுபாட்டுக்குக் கிடந்தால் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகிவிடாது. அதன்மேல் துணியை வைத்து அழுத்தி இழுக்கும்போதுதான் கீறல் விழுகிறது. கறுப்பு கார் வாங்கப் போகிறவர்கள், வாங்கிக் கொஞ்ச நாளிலேயே "பளபளப்பே போயிருச்சுங்க" என்று கேட்டு வருகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கறுப்பு செடான். கார் நிற்பது கோயம்புத்தூரில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில். முதல் ஓனர் வீட்டில் தினமும் காலையில் துடைக்க ஆள் வைத்திருந்தார்கள். நிழலில் பார்த்தால் குறையே தெரியாது. வெயிலில் நிறுத்தினால் போனட்டில் சூரியன் தெரிகிற இடத்தைச் சுற்றி சிலந்தி வலை பின்னியதுபோல் கோடு கோடாக இருக்கும். இதைத்தான் ஸ்வர்ல் மார்க் என்கிறார்கள்.

ராத்திரியில் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் போனட் அருகே பிடித்துப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரியும். டார்ச்சை ஒரு சாண் நகர்த்தினால் வட்டங்களும் கூடவே நகரும். ஏனென்றால் அங்கே இருப்பவை வட்டக் கீறல்களே இல்லை. எல்லாத் திசையிலும் விழுந்த மெல்லிய கோடுகள்தான். வெளிச்சத்துக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகச் சேர்ந்து தெரிகிறது. வெள்ளைக் காரிலும் இதே அளவுக்குக் கீறல் இருக்கும். ஆனால் வெள்ளை நிறம் தானே நிறைய வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் கீறலின் மினுக்கம் அதில் அமுங்கிப்போகிறது. கறுப்பில் பின்னணி முழுக்க இருட்டு, அதனால் ஒன்றுகூடத் தப்பாது.

இந்தக் கீறல்கள் விழுவது கறுப்பு பெயிண்டில் அல்ல, அதற்கு மேலே இருக்கிற நிறமற்ற கிளியர் கோட்டில். கம்பெனி பெயிண்டில் பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 40 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற பொருளும் அதில்தான் இருக்கிறது. பாலிஷ் போட்டுக் கீறலை எடுப்பது என்றால், கீறலின் அடிமட்டம் வரை சுற்றியிருக்கிற கிளியர் கோட்டைத் தேய்த்துச் சமமாக்குவது. அதாவது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கோட்டிங் குறைகிறது, அது திரும்ப வளராது. அதனால்தான் எடுப்பதைவிட விழாமல் பார்த்துக்கொள்வதை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

சாலைத் தூசியில் பெரும் பங்கு மணல். மணலில் இருக்கிற குவார்ட்ஸ், கிளியர் கோட்டைவிடப் பல மடங்கு கடினம். எங்கள் ஊரில் துடைக்கக் கையில் கிடைப்பது பெரும்பாலும் திருப்பூரிலிருந்து வருகிற பனியன் வேஸ்ட். துணி என்னவோ மெத்தென்றுதான் இருக்கும். கீறுவது துணி இல்லை, அதில் ஒட்டிக்கொண்ட மணல். ஒரே வாளித் தண்ணீரில் அதே துணியை முக்கிப் பிழிந்து வரிசையாகப் பத்து கார் துடைத்தால், பத்தாவது காருக்கு முந்தைய ஒன்பது கார்களின் மண்ணும் வந்து சேர்கிறது.

எங்கள் பார்க்கிங்கில் கார் துடைக்கிற அண்ணனிடம் இதைப் பேசியபோது அவர் சொன்னதும் நியாயம்தான். "துடைக்காம விட்டா நான் வேலைக்கே வரலைன்னு நெனச்சுக்குவாங்க சார்." அதனால் சம்பளத்தைக் குறைக்காமல் வேலையை மாற்றிக்கொண்டோம். கண்ணாடி, டயர், உள்ளே மேட், டேஷ்போர்டு எல்லாம் அவர் பொறுப்பு. பெயிண்டின் மேல் மட்டும் துணி போடக் கூடாது. "அண்ணா, தூசியா இருந்தா இருக்கட்டுங்க, யாராச்சும் கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவரும் இப்போது மற்ற கறுப்பு கார்க்காரர்களிடம் டார்ச் அடித்துக் காட்டி விளக்குகிறார். எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

சரி, எப்படித்தான் கழுவுவது? நிழலில், போனட்டைத் தொட்டால் சூடில்லாத நேரத்தில் ஆரம்பிக்க வேண்டும். முதலில் சக்கரங்கள், அதற்குத் தனி வாளி, தனி பிரஷ். பிரேக்கிலிருந்து வருகிற இரும்புத்தூள் அங்கேதான் சேரும், அந்த பிரஷ் பாடியைத் தொடவே கூடாது. பிறகு கை வைக்காமல் தண்ணீரை மட்டும் பீய்ச்சி மேலிருந்து கீழாக மண்ணை இறக்க வேண்டும். ஃபோம் கன் இருந்தால் நுரை அடித்துச் சில நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் அலசிவிடலாம். தொடாமலே எவ்வளவு மண்ணைப் போக்குகிறோமோ அவ்வளவு கீறல் மிச்சம்.

அப்புறம் இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் மிட்டை (கையுறைபோல் மாட்டிக்கொண்டு கழுவுவது) ஷாம்பு வாளியில் முக்கி, கூரையில் ஆரம்பித்து நேர்கோட்டில், அழுத்தாமல் இழுக்க வேண்டும். ஒரு பகுதி முடிந்ததும் மிட்டை வெறும் தண்ணீர் வாளியில் நன்றாக அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்புக்குள் விட வேண்டும். முடிந்த பிறகு அந்த வெறும் தண்ணீர் வாளியின் அடியைப் பாருங்கள். படிந்திருக்கிற மணல் அத்தனையும் காரில் கோடு போட்டிருக்க வேண்டியது. பம்பரும் கதவுகளின் கீழ்ப்பகுதியும் கடைசி, முடிந்தால் அதற்கு வேறு மிட். மிட் தவறித் தரையில் விழுந்தால் அன்றைக்கு அதன் வேலை முடிந்தது. பாத்திரம் தேய்க்கிற சோப்பு வேண்டாம், வேக்ஸ் போட்டிருந்தால் அதையும் சேர்த்து எடுத்துவிடும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோவையில் வீட்டுக்கு வீடு நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு குழாய் உண்டு. உப்புத் தண்ணி என்பது போர்வெல் தண்ணீர். அது கறுப்பு பெயிண்டில் அப்படியே காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக வட்டம் விழும். அதை எடுக்கத் தேய்க்கப் போனால் மறுபடி கீறல். எனவே கழுவுவதெல்லாம் உப்புத் தண்ணியில், கடைசி அலசலுக்கு மட்டும் அரை வாளி நல்ல தண்ணி, அதாவது சிறுவாணித் தண்ணீர். குடிக்கிற தண்ணீரை அதற்கு மேல் செலவழிக்க எனக்கு மனம் வராது. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடித்து வடிகட்டி வைத்தாலும் போதும், அதில் உப்பு கிட்டத்தட்ட இருக்காது. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை மட்டும் சேர்க்க வேண்டாம், அதில்தான் உப்பு அதிகம். துவட்டுவதற்குத் தடித்த மைக்ரோஃபைபர் டவலை விரித்துப் போட்டு, தண்ணீரை உறிஞ்சவிட்டு எடுத்தால் போதும். தேய்க்கத் தேவையில்லை.

ஆயுத பூஜையையும் சொல்லிவிடுகிறேன். போனட்டில் சந்தனம், குங்குமம், விபூதிப் பட்டை எல்லாம் போட்டு மறுநாள் காய்ந்ததைச் சுரண்டித் துடைக்கிற இடத்தில் அழகாக ஒரு கைப்பிடி அகலத்துக்குக் கீறல் நிற்கும். எங்கள் வீட்டில் பொட்டு வைப்பது கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும்தான். மாலையைக் கம்பியில் கட்டாமல் நூலில் கட்டச் சொல்வோம். வெளியில் நிற்கும் காருக்குத் தூசியோடு கவர் போடுவதும் இதே கதைதான், ஆடிக் காற்றில் கவர் அடித்துக்கொண்டே இருக்கும்.

ஏற்கெனவே விழுந்தவற்றை எடுக்க வேண்டுமானால், முதலில் நகத்தால் குறுக்கே தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் அது ஆழமான கீறல், முழுதாக எடுக்க நினைக்க வேண்டாம். மாட்டாதவை பாலிஷில் போய்விடும். காரை நன்றாகக் கழுவி, களிமண் கட்டிபோல் இருக்கும் கிளே பாரை, வழுக்கலுக்கு லூப்ரிகன்ட் தெளித்து மெதுவாக ஓட்டி ஒட்டிக்கிடக்கும் அழுக்கை எடுத்து, ரப்பர், பிளாஸ்டிக் ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். மெஷின் டி.ஏ. (டூயல் ஆக்ஷன்) பாலிஷராக இருக்கட்டும். அதில் பேட் சுற்றிக்கொண்டே அலையவும் செய்யும், அதனால் ஒரே இடத்தில் சூடு ஏறுவது குறைவு. ரப்பிங் கடைகளில் ரோட்டரி மெஷினில் கம்பளி பேட் மாட்டி வேகமாகத் தேய்த்துக் கொடுப்பார்கள். கைதேர்ந்தவர் கையில் அது நல்ல கருவிதான். அவசரமாகச் செய்தால் பழைய கீறல் போய், வெயிலில் நகர்ந்து நகர்ந்து தெரிகிற ஹோலோகிராம் வந்து நிற்கும்.

என் காருக்கு மிருதுவான ஃபோம் பேட், ஃபினிஷிங் பாலிஷ் என்றுதான் ஆரம்பித்தேன். போனட்டில் ஓர் ஓரத்தில் சின்னதாகப் போட்டுப் பார்த்து, போதவில்லை என்று தெரிந்த பிறகே ஒரு படி கடினமான பேட். பேட்டில் பட்டாணி அளவில் மூன்று நான்கு சொட்டு. இரண்டடிக்கு இரண்டடி இடம். மெஷினைக் குறைந்த வேகத்தில் வைத்து பாலிஷைப் பரப்பி, பிறகு நான்கு ஐந்துக்கு ஏற்றி, நொடிக்கு ஓர் இன்ச் கணக்கில் முதலில் கிடைமட்டமாக, அடுத்து செங்குத்தாக. பேட் மாட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு சுற்றிக்கொண்டே இருந்தால் வேலை நடக்கிறது. கோடு நின்று வெறுமனே அதிர்ந்தால் கை அழுத்தம் அதிகம், அல்லது பேட் வளைவில் சாய்ந்திருக்கிறது. பாடியின் மடிப்புக் கோடுகளில் கிளியர் கோட் மெலிந்திருக்கும், அங்கே மெஷினை ஒரே இடத்தில் வைத்திருக்கவே கூடாது.

துடைத்துவிட்டு உடனே சந்தோஷப்பட வேண்டாம். பாலிஷில் இருக்கிற எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து தெளித்துத் துடைத்துவிட்டு டார்ச் அடித்தால்தான் உண்மை தெரியும். சில கடைகளில் மலிவாகப் போட்டுத் தருகிற "பாலிஷ்" கீறலை நிரப்பி மறைக்கிற வெறும் கிளேஸாக இருக்கும். நான்கு தடவை கழுவியதும் எல்லாக் கோடும் திரும்பி வரும். எனவே பணம் கொடுக்கும் முன் உங்கள் கண் முன்னால் ஒரு பகுதியை ஆல்கஹாலில் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது என்பது தவறு. 9ஹெச் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. மணலின் கடினத்தன்மைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கோட்டிங்கில் தண்ணீர் ஒட்டாது, மண் சுலபமாக இறங்கும், அதனால் கழுவுவது எளிது. அதற்காகப் போடலாம், நானும் போட்டிருக்கிறேன். கீறலை உண்மையாகவே தாங்குவது பி.பி.எஃப் (பெயிண்ட் புரொடெக்ஷன் ஃபிலிம்) என்கிற, பெயிண்டின் மேல் ஒட்டும் ஃபிலிம்தான். அதில் விழுகிற மெல்லிய கோடுகள் வெயில் சூட்டில் தானாக மறையும். விலை அதிகம், போனட்டுக்கும் முன் பம்பருக்கும் மட்டும் ஒட்டினாலும் நல்ல பயன் உண்டு.

புதுக் கறுப்பு கார் புக் செய்திருப்பவர்களுக்கு ஒன்று. டெலிவரிக்கு முன் ஷோரூம் யார்டில் அவசர அவசரமாக ஒரு வாஷ் போட்டுத் துடைப்பார்கள், பல கார்களுக்கு முதல் ஸ்வர்ல் விழுவதே அங்கேதான். "வாஷும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம், தூசியோடவே குடுங்க" என்று சேல்ஸ் ஆளிடம் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். காரைப் பார்க்கப் போகும்போது பகல் பன்னிரண்டு மணி வெயிலில் வெளியே எடுத்து நிறுத்தச் சொல்லுங்கள், கையெழுத்தெல்லாம் அதற்கப்புறம்.