சைகோனில் ஒரு புரட்டாசி சனி

சிங்கப்பூரில் குடியிருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்துவிட்டு நேரே சாங்கிக்குப் போனால், ராத்திரி வேறு நாட்டில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். ஹோ சி மின் நகரத்துக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம்தான். இறங்கியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கிறோம், அது கூடுதல் லாபம். அரசாங்கக் காகிதத்தில் ஹோ சி மின் நகரம். ஊர்க்காரர்கள் வாயில் இன்றும் சைகோன்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன்பே வீட்டில் சண்டை. இவருடைய பட்டியலில் போர்க்காலக் கு சி சுரங்கங்கள், மேகாங் டெல்டாவில் படகு எல்லாம் இருந்தன. சுரங்கத்துக்குப் போய்வர அரை நாள், டெல்டாவுக்கு முழு நாள். "ஏங்க, அப்போ ஊரை எப்போ பார்க்கிறது? பஸ் ஜன்னல்லயா?" என்றேன். வார இறுதிக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: ஊரை விட்டு வெளியே போகாதீர்கள். சைகோனின் நடுப்பகுதியைக் காலாலேயே அளந்துவிடலாம். அந்தப் பகுதியை எல்லோரும் டிஸ்ட்ரிக்ட் 1 என்பார்கள். 2025 ஜூலையில் மாவட்டங்களையே எடுத்துவிட்டார்கள், ஆனாலும் டாக்ஸி ஓட்டுநர் முதல் ஹோட்டல் பையன் வரை யாரும் அந்தப் பெயரை விடவில்லை.

சனிக்கிழமை காலை ஆறரைக்கே தெரு நிரம்பியிருந்தது. நடைபாதையில் முழங்கால் உயர பிளாஸ்டிக் ஸ்டூல்கள். கண்ணாடி டம்ளரின் மேல் ஃபின் என்கிற சின்ன அலுமினிய வடிகட்டியை வைத்துக் கொண்டுவந்து தருகிறார்கள். அடியில் ஒரு விரற்கடை கெட்டிப்பால். மேலே இருந்து டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். நம் பித்தளை ஃபில்டர் ராத்திரியே சமையலறை மூலையில் தன் வேலையை முடித்துவிடும். இங்கே அந்த வேலை நம் கண் முன்னால் நடக்கிறது, ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். உலகத்தில் ரொபஸ்டா காப்பிக்கொட்டையை அதிகம் விளைவிக்கும் நாடு வியட்நாம். அந்தக் கசப்பு நாக்கின் நடுவில் போய் உட்காரும். கலக்கி ஐஸில் ஊற்றினால் அதுதான் கா ஃபே சுவா டா. எனக்கு அவ்வளவு கடுமை ஆகாது. பால் தூக்கலாகப் போடும் பாக் ஸியு கேட்டேன். ஊரின் சீனர் பகுதியான சோலோன் வழியாக வந்த பழக்கம் என்கிறார்கள். குடித்து முடித்ததும் கேட்காமலேயே ஐஸ் போட்ட டீ வந்தது, அதற்குக் காசு இல்லை.

அடுத்து, ரோட்டைக் கடப்பது. இதைத் தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். மோட்டார் சைக்கிள் நிற்காது, நிற்கும் என்று காத்திருந்தால் மாலையாகிவிடும். இறங்கி, ஒரே வேகத்தில், மெதுவாக நடக்க வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது, பின்வாங்கவே கூடாது. நாம் அடுத்த நொடி எங்கே இருப்போம் என்று கணக்குப் போட்டுத்தான் அவர்கள் ஒதுங்கிப் போகிறார்கள். காருக்கும் பஸ்ஸுக்கும் இந்தக் கணக்கு கிடையாது, அவற்றுக்கு நாம்தான் ஒதுங்க வேண்டும். "மவுண்ட் ரோட்டையே தாண்டினவன் நான்" என்று இறங்கினார் இவர். நடு ரோட்டில் என் கையை அவர் பிடித்த பிடியில் வளையல் அழுந்திய தடம் மத்தியானம் வரை இருந்தது.

முதலில் போனது சுதந்திர அரண்மனை. அரண்மனை என்றதும் தூணும் தங்கமும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். 1960களின் கான்கிரீட் கட்டடம். எனக்கோ பார்த்தவுடன் பிடித்துவிட்டது. முகப்பு முழுக்க மூங்கில் கணு வடிவில் கான்கிரீட் திரை. வெயில் வடிகட்டி உள்ளே வருகிறது, காற்று தாராளமாக ஓடுகிறது. கட்டியவர் நோ வியெட் து என்ற வியட்நாமியக் கட்டடக் கலைஞர். இதே இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய பழைய மாளிகை இருந்தது. 1962 பிப்ரவரியில் தெற்கு வியட்நாமின் சொந்த விமானப்படைக்காரர்கள் இரண்டு பேரே அதன் மேல் குண்டு போட்டார்கள். அதிபர் நோ தின் தியெம் தப்பித்தார். பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டச் சொன்னார். 1963-இல் ராணுவப் புரட்சியில் கொல்லப்பட்டார். கட்டடம் முடிந்தது 1966-இல். குடிவந்தவர்கள் வேறு ஆட்கள்.

மொட்டை மாடியில் ஒரு ஹெலிகாப்டர் நிற்கிறது, பக்கத்தில் தரையில் சிவப்பு வட்டங்கள். 1975 ஏப்ரல் 8-ஆம் தேதி நுயென் தான் துருங் என்ற விமானி, அரசின் விமானத்தையே ஓட்டிவந்து குண்டு போட்ட இடங்கள் அவை. ஆக ஒரே மனையில் இரண்டு தடவை, இரண்டு தடவையும் சொந்த விமானப்படை! மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 30 அன்று வடக்கு வியட்நாமின் டாங்குகள் வாசல் கேட்டை இடித்துக்கொண்டு உள்ளே வந்தன, போர் முடிந்தது. புல்வெளியில் இப்போது நிற்பவை அதே ரக டாங்குகள்தான், அசல் இரண்டும் ஹனோயில் இருக்கின்றன.

இவரை நிலவறையிலிருந்து கிளப்புவதே பெரும்பாடாகிவிட்டது. குறுகலான நடைவழி, இரும்பு மேஜைகள், வரிசையாக டயல் சுற்றும் டெலிபோன்கள், சுவர் முழுக்க வரைபடங்கள், பீரோ அளவு ரேடியோப் பெட்டிகள். ஆபீஸ் ஆட்கள் டீ குடிக்க எழுந்து போனது போல அப்படியே கிடக்கிறது. "கு சி கு சின்னு கேட்டீங்களே, இந்தாங்க சுரங்கம்" என்றேன். பதில் வரவில்லை, போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்.

நாத்ரே தாம் தேவாலயம் சாரம் கட்டி மூடிக் கிடந்தது. 2017-இலிருந்து பழுதுபார்க்கிறார்கள். பக்கத்துத் தபால் நிலையம்தான் பார்க்க வேண்டியது, 1891-இல் கட்டி முடித்தது. பாரிஸ் கோபுரத்தைக் கட்டிய ஈஃபில்தான் இதையும் கட்டினார் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள், நம்ப வேண்டாம், ஃபூலூ என்ற பிரெஞ்சுக்காரர் வடிவமைத்தது. ரயில் நிலையம் போல வளைந்த இரும்புக் கூரை, மரத்தாலான டெலிபோன் அறைகள், சுவரில் பெரிய பழைய வரைபடங்கள். இன்னும் தபால் வாங்குகிறார்கள். மாமியாருக்கு ஒரு கார்டு போட்டேன்.

இவருக்குப் புரட்டாசி சனி. விமானம் ஏறினாலும் விரதம் விரதம்தான். வியட்நாமில் சைவச் சாப்பாடா என்று பயந்து பையில் புளிக்காய்ச்சல் எடுத்து வைத்திருந்தேன், திறக்கவே இல்லை. இங்கே பௌத்தர்கள் பலர் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சைவம். போர்டில் 'சாய்' என்று இருந்தால் உள்ளே மீன் சாறு உட்பட அசைவம் எதுவும் கிடையாது. அந்த மீன் சாற்றைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், மற்ற கடைகளில் கீரைக்குக்கூட ஊற்றுவார்கள். நொய்யரிசிச் சோறு, டோஃபு, தாமரைத் தண்டு, ஒரு கூடைப் பச்சிலை. அந்தப் பச்சிலையில் துளசி வாசனையோடு ஒன்று இருந்தது, அதைத் தின்னலாமா கூடாதா என்று இவர் யோசித்துக்கொண்டிருந்தார், நான் தின்றுவிட்டேன்.

போர் எச்சங்கள் அருங்காட்சியகம் பற்றி நிறைய எழுத மாட்டேன். நுழைவுச்சீட்டு வியட்நாம் பணத்தில் 40,000 டாங், சிங்கப்பூர் காசில் இரண்டு வெள்ளி. முற்றத்தில் போர் விமானமும் பீரங்கி டாங்கும் இருக்கும், பிள்ளைகள் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். மாடியில், போரில் அமெரிக்கா தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற நச்சு மருந்தைப் பற்றிய அறைக்குப் பிறகு பேச்சு நின்றுவிடும். போரில் இறந்த புகைப்படக்காரர்கள் எடுத்த படங்கள் ஓர் அறையில் இருக்கின்றன, இரண்டு பக்கத்து ஆட்களும் அதில் உண்டு. ஒரே ஓர் அறைதான் பார்ப்பேன் என்றால் அதைப் பாருங்கள். சாப்பிட்ட உடனே போகாதீர்கள்.

அங்கிருந்து துரோங் தின் தெரு மாரியம்மன் கோயிலுக்கு. பென் தான் சந்தைக்குக் கிட்டத்திலேயே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தமிழ் வணிகர்கள் கட்டியது. அப்போது புதுச்சேரியும் காரைக்காலும் பிரான்ஸின் கையில், சைகோனும் பிரான்ஸின் கையில்; அதனால் குமாஸ்தாவாகவும் காவல்காரராகவும் வணிகராகவும் நம் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். 1975-க்குப் பிறகு பெரும்பாலோர் போய்விட்டார்கள். கோயில் மட்டும் போகவில்லை. அன்று நாங்கள் இருந்த நேரத்தில் எங்களைத் தவிர வேறு தமிழ் முகம் இல்லை, கூட்டத்துக்கோ குறைவும் இல்லை. எல்லாரும் வியட்நாமியரும் சீனரும்தான். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, கையில் மல்லிகையும் ஊதுபத்தியுமாக வருகிறார்கள். அம்மனுக்கு இரு பக்கமும் மதுரைவீரனும் பேச்சியம்மனும்.

கருவறைக்குப் பின்னால் போனேன். இருபது வயதுப் பெண் ஒருத்தி, ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இரண்டு உள்ளங்கையையும் நெற்றியையும் கருங்கல் சுவரில் பதித்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு பெரியவர் தன் முறைக்காக நின்றார். வேண்டுதலைச் சுவரில் சொன்னால் அம்மனுக்குக் கேட்கும் என்பது இங்கத்து நம்பிக்கை. ஆயிரக்கணக்கான நெற்றிகள் பட்டு அந்த இடத்தில் கல் எண்ணெய் மினுமினுப்போடு இருந்தது. நம் ஊரில் இந்த வழக்கத்தை நான் பார்த்ததில்லை. "நீயும் சொல்லேன்" என்றார் இவர். என்ன சொன்னேன் என்பது இந்தக் கட்டுரையில் வராது.

ராத்திரி சோலோன். திங்கட்கிழமை இலையுதிர்ப் பௌர்ணமித் திருவிழா, அதனால் லுவோங் நூ ஹோக் தெரு முழுக்க விளக்குக்கடை. நட்சத்திரம், மீன், முயல் என்று வண்ணத்தாள் ஒட்டிய கூடுகள். குழந்தைகள் இழுத்துக்கொண்டு போக, பெற்றோர் பின்னால் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். வாங்காமல் படம் மட்டும் எடுப்பவர்களைக் கடைக்காரம்மாக்கள் விரட்டுகிறார்கள், அது நியாயம்தான். நான் ஒரு மீன் வாங்கினேன். விமானத்தில் நசுங்காமல் கொண்டுவந்து சேர்த்தது இவருடைய பாடு.

ஞாயிறு காலை சோலோனுக்கே திரும்பப் போய்க் கடல் தேவதை தியென் ஹௌ கோயிலைப் பார்த்தோம். கூரையிலிருந்து கூம்பு கூம்பாகத் தொங்கும் சுருள் ஊதுபத்திகள், ஒவ்வொன்றிலும் வேண்டியவர் பெயர் எழுதிய சீட்டு. சாம்பல் தலையில் விழும், வெள்ளைச் சட்டை வேண்டாம். பிறகு தோன் தாட் தியெப் தெருவில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில். மேகாங் டெல்டாவின் நெல் விவசாயத்துக்கே கடன் கொடுத்தவர்கள் அவர்கள். செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கைத்தான் காட்டுவார்கள், சைகோன் காசும் அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது. மாரியம்மனிடம் இருந்த கூட்டத்தில் கால்வாசி கூட முருகனிடம் இல்லை.

மத்தியானம் நுயென் ஹுவே நடைத்தெரு. அங்கே 42-ஆம் எண்ணில் ஒரு பழைய அடுக்குமாடி, குடியிருப்பு வீடுகளெல்லாம் காப்பிக்கடையாக மாறியிருக்கின்றன. வெளியிலிருந்து படம் எடுத்தால் போதும் என்பது என் கட்சி. உள்ளே கடைக்குக் கடை அதே கேக்.

மூன்று மணிக்கு மழை. ஒரே நிமிடத்தில் மொத்தத் தெருவும் மழைக்கோட்டு போட்டுக்கொண்டது. கவனித்தால், இரண்டு பேர் போகிற வண்டிக்கு ஒரே கோட்டில் இரண்டு தலைத்துளை. முன்பக்கம் ஹெட்லைட்டை மூடும் இடத்தில் மட்டும் கண்ணாடி போல் ஒரு சதுர பிளாஸ்டிக். வேகத்தைக் குறைத்தவர்கள்கூட அதிகம் இல்லை. நாங்கள் பென் தானில் மெட்ரோவுக்குள் ஓடினோம். 2024 டிசம்பரில்தான் திறந்தார்கள், பாதி நகரம் இன்னும் வேடிக்கை பார்க்கத்தான் ஏறுகிறது. எங்கள் பெட்டியில் ஒரு பாட்டி ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் பேரனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் இ-விசா எடுக்க வேண்டும், 25 அமெரிக்க டாலர். அரசுத் தளத்திலேயே போடுங்கள், தரகுத் தளங்கள் இரட்டிப்பு கேட்கின்றன. நோட்டு விஷயம் ஒன்று. 20,000 டாங்கும் 5,00,000 டாங்கும் இரண்டுமே நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம். ஒன்று சிங்கப்பூர் ஒரு வெள்ளி, மற்றது இருபத்தைந்து. இவர் விமானத்திலேயே இரண்டையும் தனித்தனிக் கவரில் போட்டு மேலே பேனாவால் எழுதியிருந்தார். நான் கிண்டல் செய்தேன். ஞாயிறு மாலைக்குள் எந்தக் கடையானாலும் கவரை அவரிடம் வாங்கித்தான் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன்.