ஒரே ஊர்ப்பெயர்க் கோப்பு, நான்கு மொடியூல்கள்: மேவனில் பாதை அமைத்துப் பார்த்தது

திருகோணமலையிலிருந்து புறப்படும் பஸ்களுக்கு ஒரு சின்ன நேர அட்டவணைச் செயலி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓய்வுநேர வேலைதான். ஜாவாவில் எழுதி, மேவன் என்ற கருவியால் பில்ட் செய்கிறேன், அதாவது எழுதியதை ஓடக்கூடிய செயலியாகக் கட்டுகிறேன். வளர வளர அது நான்கு மொடியூல்களாக, அதாவது தனித்தனியே கட்டப்படும் பகுதிகளாக, ஆகிவிட்டது: பொது, இணையம், சரிபார்ப்பு, ஏற்றுமதி. கடைசி இரண்டும் கருவிகள் என்ற போல்டருக்குள் ஒரு படி கீழே இருக்கின்றன. அந்த ஒரு படிதான் இந்தக் குறிப்புக்கே காரணம்.

நான்குக்கும் தேவையானது ஊர்ப்பெயர்க் கோப்பு. நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று ஒவ்வோர் ஊரின் பெயரும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அதில் இருக்கிறது. மொடியூலுக்கொரு பிரதி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒன்றில் தம்பலகாமம், இன்னொன்றில் தம்பலகமம் என்று வந்தால், தேடுகிறவருக்கு அந்த ஊருக்குப் பஸ்ஸே இல்லை என்றுதான் தெரியும்.

அதனால் ஒரே கோப்பை மேல் போல்டரில் வைத்து, நான்கும் அதையே படிக்கும்படி பாதை கொடுக்க நினைத்தேன். முதலில் தாய் பொம் கோப்பில் (பொம் என்பது மேவனுக்கான அமைப்புக் கோப்பு; தாயில் எழுதுவது பிள்ளை மொடியூல்களுக்கும் போகும்) மொடியூலின் போல்டரைக் குறிக்கும் ‘புரொஜெக்ட்.பேஸ்டிர்’ வைத்துப் பாதை எழுதிப் பார்த்தேன். பிள்ளை மொடியூல் அந்த வரியை அப்படியே வாங்கிக்கொண்டு, அதன்பிறகுதான் அதை விரிக்கிறது. அதனால் தாயின் போல்டர் வருவதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் போல்டரையே காட்டுகிறது. இரண்டு புள்ளி போட்டு மேலே ஏறலாம்தான். ஆனால் இணையத்துக்கு ஒரு படி, ஏற்றுமதிக்கு இரண்டு படி. ‘செஷன்.எக்ஸிகியூஷன்ரூட்டிரெக்டரி’ என்றால் கொமாண்ட் அடித்த இடம். மேலிருந்து ஓட்டினால் சரி, ஏற்றுமதிக்குள் போய் அங்கிருந்து ஓட்டினால் கோப்பு இல்லை என்று நின்றுவிடும்.

கைகொடுத்தது ‘மேவன்.மல்டிமொடியூல்புரொஜெக்ட்டிரெக்டரி’. பெயர்தான் நீளம். மேவன் 3.3.1இலிருந்து இருக்கிறது. நாம் நிற்கும் இடத்திலிருந்து மேலே ஏறி, ‘.எம்விஎன்’ என்ற போல்டர் எங்கே கிடக்கிறதோ அதையே வேர், அதாவது முழுத் திட்டத்தின் மேல் போல்டர், என்று எடுத்துக்கொள்ளும். ஆக, வேரில் அந்தப் போல்டர் இருந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் நின்ற இடமே வேராகிவிடும். இதில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: கோடைச் சேமித்துப் பகிர உதவும் கிட், வெறும் போல்டரைச் சேமிக்காது. உள்ளே ஒரு கோப்பாவது இல்லையென்றால், நம் கணினியில் ஓடும் பில்ட் நண்பரின் கணினியில் ஓடாது. நான் அதற்குள் ‘மேவன்.கொன்ஃபிக்’ வைத்திருக்கிறேன். எந்த மொடியூலில் பாதை என்னவாக விரிந்திருக்கிறது என்று பார்க்க, ஹெல்ப் பிளக்கினின் ‘இஃபெக்டிவ்-பொம்’ போதும். ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

இத்தனைக்கும் பிறகு ஊர்ப்பெயர்க் கோப்புக்கு நான் இந்த வழியை வைத்துக்கொள்ளவில்லை. அதைப் பொது மொடியூலின் ரிசோர்சஸ் போல்டருக்குள் போட்டுவிட்டேன். மற்ற மூன்றும் பொதுவை டிபென்டென்சியாக, அதாவது தமக்குத் தேவையான பகுதியாக, ஏற்கெனவே எடுக்கின்றன. பில்ட் முடிவில் கிடைக்கும் ஜார் பொதிக்குள்ளேயே கோப்பும் வந்துவிடுகிறது, பாதை என்ற பேச்சே இல்லை. ஒன்று மட்டும்: ஜாருக்குள் இருப்பதைச் சாதாரணக் கோப்பாகத் திறக்க முடியாது, ‘கெட்ரிசோர்ஸ்அஸ்ஸ்ட்ரீம்’ வழியாகத்தான் படிக்கவேண்டும். படிக்கும் இடத்தில் எழுத்துக்குறியீடு யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பதும் முக்கியம். ஜாவா 18இலிருந்து அதுவே இயல்புநிலை. அதற்கு முந்தைய ஜாவா விண்டோஸில் அந்தக் கணினியின் அமைப்பைப் பார்க்கும், குச்சவெளி வெறும் குறிகளாக வந்து நிற்கும்.

வேர்ப்பாதை இப்போது, கோட் எழுதிய முறையைச் சரிபார்க்கும் செக்-ஸ்டைல் கருவியின் விதிக் கோப்புக்கு மட்டும். அது பில்ட் நேரத்துக்கான பொருள், ஜாருக்குள் போகத் தேவையில்லை. ஓடும்போது தேவைப்படுவது ரிசோர்ஸாகப் போகட்டும், கட்டும்போது மட்டும் தேவைப்படுவது வேரிலிருந்து வரட்டும் என்று பிரித்ததும் பொம் கோப்புகள் நன்றாகவே இளைத்துவிட்டன.

அடுத்து மேவன் 4க்கு மாற்றிப் பார்க்கவேண்டும். அதில் ‘புரொஜெக்ட்.ரூட்டிரெக்டரி’ என்றே வேருக்கு ஒரு பெயர் வந்திருக்கிறது. அந்த நீளப் பெயரை அன்றைக்கு எடுத்துவிடலாம். அப்புறம் ஆண்ட்ரொயிட் பக்கம். அங்கே மேவனுக்குப் பதிலாகப் பில்ட் செய்யும் கருவி கிரேடில், ‘ஃபைல்’ என்று எழுதினால் அந்தந்த மொடியூலிலிருந்து பார்க்கும், ‘ரூட்புரொஜெக்ட்.ஃபைல்’ என்று எழுதினால் வேரிலிருந்து. ஊர்ப்பெயர் ஜாரை அங்கேயும் அப்படியே எடுக்க முடிகிறதா என்று முதலில் பார்க்கப்போகிறேன்.