வெள்ளமும் தண்ணீரும்

குழித்துறையில் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு தட்டச்சுக் கடை இருந்தது. மனு, வாடகை ஒப்பந்தம், கல்யாண பயோடேட்டா, எது வந்தாலும் அடிப்பேன். 2009-ல் டீச்சர் ஏழு நோட்டுகளோடு வந்தார், ஏழும் சேர்ந்து ஒரே நாவல். வீடு களியக்காவிளைப் பக்கம், நாலு எட்டு வைத்தால் கேரளா. பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய் என்றேன். பத்து தருகிறேன் என்றார். சரி பார்க்கலாம் என்று தொடங்கிவிட்டோம்.

அவர் கையெழுத்து பிடிபட ஒரு மாதம் ஆனது. 1956-ல் இந்த விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அவர் நாலாம் வகுப்பு, அதுவரை படித்ததெல்லாம் மலையாளம். அதனாலோ என்னவோ, வேகம் பிடித்தால் புள்ளியே வைக்கமாட்டார். 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய எழுத்து. 1978-ல் அரசாங்கம் செய்த சீர்திருத்தம் அவர் பேனா வரைக்கும் வந்து சேரவில்லை. மனு அடிக்கும்போது நான் எதையும் படிப்பதில்லை, விரல் அதுபாட்டுக்குப் போகும். இதில் எங்கே புள்ளி என்று தெரிய வாக்கியத்தைப் படித்தாக வேண்டும். படிக்கத் தொடங்கியதுதான் வினை.

டீச்சர் கதையில் எல்லாரும் கிணற்றில் வெள்ளம் கோருகிறார்கள், வெள்ளம் குடிக்கிறார்கள். இந்தப் பக்கம் குடிக்கிற தண்ணீருக்கே அதுதான் பேர். நான் திருநெல்வேலிக்காரி, தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் என்ற திமிர் வேறு. கல்யாணமாகி வந்து ஆறு வருஷம் ஆகியும் அது எனக்குத் தப்பாகவே பட்டது. மரவள்ளிக்கு மரச்சீனி, பலாவுக்குச் சக்கை என்று இருந்ததையெல்லாம் அப்படியே விட்டேன், வெள்ளத்தை மட்டும் விட மனசில்லை. நல்லது செய்வதாக நினைத்து மொத்தமாக ரீப்ளேஸ் கொடுத்து, சேவ் செய்து, கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டேன்.

மறுநாள் பிரிண்டில், 'அந்த ஐப்பசியில் ஆற்றில் தண்ணீர் வந்து இரண்டு வீடுகளை இழுத்துக்கொண்டு போனது' என்று இருந்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளே, ஆத்துல தண்ணி எப்பவும்தானே வரும்?"

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பதறிப்போய்த் திருப்பி ரீப்ளேஸ் கொடுத்தேன். இப்போது தண்ணீரெல்லாம் வெள்ளமானது. நெல்லையிலிருந்து மாற்றலாகி வரும் ஏட்டு, பஸ்ஸை விட்டு இறங்கியதுமே வெள்ளம் கேட்டார். கோயில் வாசலில் 'வெள்ளம்ப்பந்தல்' என்று ஒன்று முளைத்தது. டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கு அழுகை.

அப்புறம் மூன்று சாயங்காலம், கடை அடைக்கிற நேரத்துக்கு மேல் உட்கார்ந்தோம். அவர் நோட்டை வாசிப்பார், நான் திரையில் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பேன். அடிக்கும்போது என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். "கையால எழுதுற மாதிரியேல்லா இருக்கு" என்றார், நம்பாதவர் மாதிரி.

கடைசி அத்தியாயத்தில் ஏட்டு திண்ணையில் உட்கார்ந்து குடிக்கக் கேட்கிறார். நோட்டில் தண்ணீர், திரையில் வெள்ளம். மாற்றக் கை வைத்தேன்.

"அது கிடக்கட்டும் பிள்ளே. அவரு இங்க வந்து பத்து வருஷம் ஆச்சுல்லா."

பேனாவைத் திறந்து நோட்டில் இருந்த தண்ணீரை அடித்துவிட்டு, மேலே வெள்ளம் என்று எழுதினார். புள்ளி வைக்கவில்லை.

அந்த மூன்று சாயங்காலத்துக்கு நான் காசு கேட்கவில்லை, எந்த முகத்தோடு கேட்பது? டீச்சர் பக்கங்களை இரண்டு தடவை எண்ணினார். பத்து ரூபாய்க் கணக்கில்தான் கொடுத்தார்.