பூட்டானில் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய்: கொடுக்கலாமா?

முதலில் காசு விஷயம். பூட்டானில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் இந்தியர்கள் தலைக்கு 1,200 ரூபாய் அரசுக்குக் கட்ட வேண்டும். அறை, சாப்பாடு, வண்டி எல்லாம் தனி. பெரியவர்கள் நான்கு பேர் என்றால் இரவுக்கு 4,800. புறப்படும் முன் எங்கள் வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. போப்ஜிகா பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: கொடுக்கலாம்.

திம்புவிலிருந்து போப்ஜிகா போக டாக்ஸி பேசினோம். வாங்டியில் டீ குடிக்க நிறுத்தியபோது, மேலே ரோடு மோசம், பேசியதற்கு மேல் பாதித் தொகை கூடுதலாக வேண்டும் என்றார் ஓட்டுநர். ரோடு எப்படி இருக்கும் என்று கிளம்பும்போது அவருக்குத் தெரியாதா? பெட்டியெல்லாம் வண்டிக்குள், அடுத்த வண்டிக்கு எங்கே போவது? இந்தியில் சண்டை போட்டுப் பாதியில் பாதியாகக் குறைத்தோம். திரும்பும்போது வேறு வண்டி. தொகையை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

பள்ளத்தாக்குக்குள் இறங்கியதும் அந்தக் கோபமெல்லாம் போய்விட்டது. நடுவில் பரந்த சதுப்பு நிலம், சுற்றிலும் மலை. வீடுகளில் விளக்கு எரிகிறது, ஆனால் சதுப்பின் குறுக்கே ஒரு மின்கம்பிகூட இல்லை. திபெத்திலிருந்து குளிர்காலத்துக்கு வரும் கருங்கழுத்துக் கொக்குகள் கம்பியில் அடிபடக் கூடாது என்று மின்சாரத்தைப் பூமிக்கடியில் கொண்டுவந்திருக்கிறார்கள்! தொலைநோக்கியில் ஒரு ஜோடியைப் பார்த்தேன். சாம்பல் உடம்பு, கறுத்த கழுத்து, உச்சந்தலையில் சிவப்புத் திட்டு. ஒன்று சேற்றைக் கிளறித் தின்ன, மற்றது தலை நிமிர்த்திக் காவல் நின்றது. இவை கங்டே மடாலயத்தை மூன்று முறை வலம் வந்துவிட்டுத்தான் இறங்கும் என்பது ஊரார் நம்பிக்கை.

இந்த அக்கறை ஒரு பள்ளத்தாக்கோடு நிற்கவில்லை. நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல் பாதுகாக்கப்பட்ட பகுதி. 60 சதவீத நிலம் என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும் என்று 2008 அரசியலமைப்பே சொல்கிறது. இப்போது இருப்பதோ சுமார் 70. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, தேசியப் பூங்காக்களைத் தனித்தனித் தீவுகளாக விடாமல், விலங்குகள் நடமாடும் வனப்பாதைகளால் இணைத்திருப்பது. தெற்கே மனாஸ் காட்டிலும் புலி, 4,000 மீட்டருக்கு மேலே பனிமலையிலும் புலி. 2015-இல் 103 ஆக இருந்த புலிகள் அடுத்த கணக்கெடுப்பில் 131.

ராத்திரி தங்கியது ஒரு விவசாயி வீட்டில். சிவப்பரிசிச் சோறு, எமா தட்சி. மிளகாயைக் காரத்துக்காக இல்லாமல் காய்கறியாகவே போட்டு, சீஸில் வேகவைக்கிறார்கள். கண்ணில் தண்ணீர் வரவர இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பரிமாறிய அக்காவின் கவலை வேறு: காட்டுப்பன்றி வந்து உருளைக்கிழங்கைத் தோண்டிவிடுகிறது, விளைச்சல் நேரத்தில் ராத்திரி முழுக்கக் காவல் கிடக்க வேண்டியிருக்கிறது. காட்டைக் காப்பாற்றும் பெருமை நாட்டுக்கு, தூக்கம் கெடுவது இவருக்கு என்றால் அது நியாயமே இல்லை. நாம் கட்டும் 1,200-இல் ஒரு பங்கு நேராக இவர் வயலின் மின்வேலிக்குப் போக வேண்டும்.

அப்புறம், கொக்கு பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். ஓட்டலை விட்டுவிட்டு இப்படி ஒரு விவசாயி வீட்டில் தங்குங்கள். செலவும் குறையும், காசும் அவர்கள் கைக்கே போகும். இந்திய ரூபாய் செல்லும், அவர்களின் நுல்ட்ரமும் அதே மதிப்புதான். கனமான ஸ்வெட்டர் கட்டாயம்.