ஜெனீவாவில் கிடைக்கும் 65 வினாடி: யு.பி.ஆர். அறிக்கை எழுதுவோருக்கு

ஐ.நா. பாதுகாப்பு சபையில் ஐந்து நாடுகளுக்கு வீட்டோ உண்டு. உலக வங்கியில் பங்குத்தொகையைப் பொறுத்தே ஓட்டின் பலம். பெரிய நாடு, சிறிய நாடு எல்லாம் ஒரே விதிக்குள் வரும் இடம் ஒன்று உண்டென்றால், அது ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2008 முதல் ஜெனீவாவில் நடத்திவரும் உலகளாவிய காலமுறை மீளாய்வு. சுருக்கமாக யு.பி.ஆர். 193 உறுப்பு நாடுகளும் முறைவைத்து வந்து, தங்கள் மனித உரிமை நிலை பற்றி மற்ற நாடுகள் வைக்கும் கேள்விகளுக்கும் பரிந்துரைகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். நவ்ருவுக்கும் மூன்றரை மணி நேரம், சீனாவுக்கும் அதே மூன்றரை மணி நேரம். வராமல் இருந்தவர்களும் உண்டு: 2013 ஜனவரியில் இஸ்ரேல் வரவில்லை, அதே ஆண்டு அக்டோபரில் வந்தது.

இதில் தங்கள் நாட்டைப் பற்றித் தனி அறிக்கை அனுப்பச் சிறு தன்னார்வ அமைப்புகளுக்கும் வழி இருக்கிறது. பலர் அதைப் பயன்படுத்துவதில்லை என்பதுதான் வருத்தம். அறிக்கை அனுப்ப ஐ.நா. ஆலோசனைத் தகுதி (தன்னார்வ அமைப்புகளுக்கு ஐ.நா. தரும் அங்கீகாரம்) தேவையில்லை. தனி அமைப்பு என்றால் 2,815 சொற்கள், பலர் சேர்ந்து அனுப்பினால் 5,630. அடிக்குறிப்புகள் இந்தக் கணக்கில் வராது. பிடிஎஃப் வேண்டாம், வேர்ட் கோப்பாக இணையப் பதிவு வழியே ஏற்ற வேண்டும். கடைசி நாள் மீளாய்வுக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். மீளாய்வு பற்றிய பேச்சு செய்தியில் அடிபடும்போது எழுத உட்கார்ந்தால் பயனில்லை.

அனுப்பியது அப்படியே ஐ.நா. தளத்தில் வெளியாகும். பாதிக்கப்பட்டவரின் பெயர், ஊர், வழக்கு எண்ணை எழுதும் முன் அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள், அவருக்கு என்ன ஆபத்து வரும் என்பதையும் யோசியுங்கள். தனிநபர் வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லும் இடமும் இது அல்ல. 2020 சாத்தான்குளம் காவல் மரணங்களைப் பற்றி எழுதினால், அதை ஒரு வழக்காக மட்டும் வைக்காமல், காவலில் அடிப்பது ஏன் தொடர்கிறது, எந்தச் சட்டம் இல்லாததால் தொடர்கிறது என்று காட்ட வேண்டும்.

உங்கள் 2,815 சொற்களும் மண்டபத்தில் வாசிக்கப்படும் என்று எண்ண வேண்டாம். எல்லா அமைப்புகளின் அறிக்கைகளையும் ஐ.நா. அலுவலகம் ஒரே சுருக்கமாக ஆக்கும். அதில் உங்களுக்கு இரண்டு வரி கிடைத்தால் பெரிது. உண்மையான வேலை தூதரகங்களில் நடக்கிறது. 2022 நவம்பர் 10 அன்று இந்தியாவின் மீளாய்வில் 130 நாடுகள் பேசின. மூன்றரை மணி நேரத்தில் மற்ற நாடுகள் பேச ஒதுக்கியிருப்பது 140 நிமிடம். வகுத்துப் பாருங்கள், நாட்டுக்கு 65 வினாடிகூட முழுதாக இல்லை. அந்த நேரத்துக்குள் ஒரு தூதர் இரண்டு மூன்று பரிந்துரைகளைத்தான் சொல்ல முடியும். அதில் ஒன்று நீங்கள் எழுதிக்கொடுத்ததாக இருக்க வேண்டுமென்றால், சில மாதங்கள் முன்பே டெல்லியிலுள்ள தூதரகங்களுக்கு ஒரே பக்கக் குறிப்பு போய்ச் சேர வேண்டும். ஒரு பிரச்சினை, ஒரு ஆதாரம், அப்படியே படிக்கத்தக்க ஒரு வாக்கியம், அவ்வளவு போதும். அந்த நாடு முந்தைய சுற்றுகளில் எதைப் பற்றிப் பேசியது என்று பார்த்து அனுப்புங்கள். குழந்தைத் திருமணத்தைப் பற்றித் தொடர்ந்து கேட்கும் நாட்டுக்கு அதையே கொடுங்கள்.

அந்த வாக்கியத்தில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். "சித்திரவதையைத் தடுக்க முயற்சிகளைத் தொடரவும்" என்று எழுதினால் எந்த அரசும் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளும், பிறகு எதையும் செய்யத் தேவையிருக்காது. "1997இல் கையெழுத்திட்ட சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையை அடுத்த மீளாய்வுக்குள் உறுதிசெய்து, காவல் சித்திரவதையைத் தனிக்குற்றமாக்கும் சட்டம் இயற்றவும்" என்று எழுதினால், செய்தார்களா இல்லையா என்று பிறகு சரிபார்க்க முடியும்.

அரசு ஒரு பரிந்துரையை ஏற்கலாம், அல்லது 'குறித்துக்கொள்ளலாம்'. நிராகரிப்பு என்ற சொல்லே நடைமுறையில் இல்லை. 2022இல் வந்த 339இல் இந்தியா 221ஐ ஏற்றது. குறித்துக்கொண்டவற்றை விட்டுவிடாதீர்கள். ஏற்றவற்றைத் தனியே பட்டியலிட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து அமைச்சகங்களிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வரும் பதில்களையும், வராத பதில்களையும் அடுத்த சுற்றின் அறிக்கைக்கு ஆதாரமாக எடுத்து வையுங்கள்.