அந்தத் தண்ணீரில் நிறம் எங்கிருந்து வருகிறது?

அக்கா அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எனக்கே ஒரு நிமிடம் வயிற்றைப் பிசைந்தது. ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் அவளுடைய இரண்டு பாதங்கள், கணுக்கால் வரைக்கும் சேறு கரைத்த மாதிரி பழுப்புத் தண்ணீர், மேலே திட்டுத் திட்டாக நுரை. கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "இவ்வளவும் என் உடம்புக்குள்ள இருந்துச்சு பாரு."

மாசக்கணக்கில் அசதி அவளுக்கு. தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த சீட்டு கைப்பையிலேயே கிடக்க, யாரோ சொன்னார்கள் என்று ஃபுட் டீடாக்ஸுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். மெஷின் வைத்த தண்ணீரில் கால் வைத்தால் உடம்புக் கழிவெல்லாம் பாதம் வழியாக வெளியேறும் என்பார்களே, அதுதான். அரை மணி நேரம் கழித்து அவர்கள் ஒரு அட்டையைக் காட்டினார்களாம். பச்சை வந்தால் பித்தப்பை, ஆரஞ்சு வந்தால் மூட்டு, பழுப்பு வந்தால் கல்லீரல், வெள்ளை நுரை நிணநீர். உங்களுக்குக் கல்லீரல்தான் பிரச்சினை, பத்து தடவை வந்தால் எல்லாம் வெளியேறிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். "டெஸ்ட் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல இது முடியட்டும்" என்றாள். அந்த 'அப்புறம்' என்ற சொல்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

அந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீர், அதில் உப்பு, நடுவில் உலோகத் தகடுகள் உள்ள ஒரு சின்ன உருளை, அதற்குக் குறைந்த அழுத்தத்தில் மின்சாரம். உப்புத் தண்ணீரில் இரும்பு கலந்த தகட்டை வைத்து மின்சாரம் செலுத்தினால் என்ன ஆகும் என்பது பள்ளி வேதியியல் பாடத்தில் வருவதுதான்: மின்பகுப்பு. ஒரு தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, கரைந்த இரும்பு தண்ணீரோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து துருவாகிறது.

படித்ததை அக்காவிடம் சொன்னால் நம்பமாட்டாள் என்று தெரியும், அதனால் வீட்டில் செய்தே பார்த்தேன். கண்ணாடி டம்ளரில் வெந்நீர், ஒரு ஸ்பூன் உப்பு, ஒன்றையொன்று தொடாமல் இரண்டு இரும்பு ஆணி, ஒரு 9 வோல்ட் பேட்டரி, இரண்டு ஒயர். இணைத்த உடனேயே ஒரு ஆணியைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்ப ஆரம்பித்தது, அது ஹைட்ரஜன். பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் இருந்த ஆணியிலிருந்து மெல்லிய புகை மாதிரி ஒன்று இறங்கியது. முதலில் அது பழுப்பாகவே இல்லை, மங்கலான பச்சை! சில நிமிடங்களில் மேல்பக்கம் மஞ்சளடித்து, பிறகு ஆரஞ்சாகி, அரை மணி நேரத்தில் டம்ளர் முழுக்கப் பழுப்புக் கசடு, மேலே அழுக்கு நுரை. இரும்பு கரைந்ததும் முதலில் உண்டாகும் சேர்மத்துக்குப் பச்சைச் சாயல் உண்டு, காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டதும் அது துருவின் நிறத்துக்கு மாறிவிடும். அட்டையில் பித்தப்பை, மூட்டு, கல்லீரல் என்று போட்டிருந்த நிறங்கள் எல்லாமே ஒரே ஆணியிலிருந்து வரிசையாக வந்தன. டம்ளருக்குள் யாருடைய காலும் இல்லை.

(செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பேட்டரியை மட்டும் பயன்படுத்துங்கள், ப்ளக் பாயிண்ட் பக்கமே போக வேண்டாம். ஜன்னலையும் திறந்து வையுங்கள், உப்புத் தண்ணீர் என்பதால் கொஞ்சம் குளோரின் வாயு வரலாம்.)

முழுதும் எடுத்த வீடியோவை அனுப்பினேன். அவள் கேட்டது நல்ல கேள்வி: "சரி, துருன்னே வச்சுக்குவோம். அதோட சேர்ந்து கழிவும் வெளிய வந்திருந்தா?" அதையும் ஆராய்ச்சியாளர்கள் சோதித்திருக்கிறார்கள். 2012இல் வெளியான ஆய்வு அது. கால் வைக்காமல் மெஷினை 30 நிமிடம் ஓட்டித் தண்ணீரைப் பரிசோதித்தார்கள். பிறகு ஆரோக்கியமான ஆறு பேரை வாரம் ஒரு முறை வீதம் நாலு வாரம் உட்கார வைத்து அந்தத் தண்ணீரையும் பரிசோதித்தார்கள். கூடவே அவர்களுடைய சிறுநீர், தலைமுடி எல்லாவற்றையும் பார்த்தார்கள். நச்சுத் தனிமங்கள் பாதம் வழியாக வெளியேறியதாக எந்த அடையாளமும் கிடைக்கவில்லை. ஆறு பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் விற்கிறவர்கள் சொல்கிற அளவுக்குக் கழிவு கொட்டுவது உண்மையென்றால் ஆறு பேரிடமே தெரிந்திருக்க வேண்டும்.

உடம்பின் அமைப்பைப் பார்த்தாலும் இதற்கு வழியில்லை. கல்லீரலிலிருந்து உள்ளங்காலுக்குத் தனிக் குழாய் எதுவும் கிடையாது. பாதத்தில் வியர்வைச் சுரப்பிகள் நிறைய உண்டு, உண்மை. ஆனால் வியர்வையில் ஏறக்குறைய 99 சதவீதம் தண்ணீர், மீதி உப்பு, துளி யூரியா போன்றவை. உடம்பிலேயே தோலின் மேலடுக்கு தடித்திருக்கும் இடங்களில் உள்ளங்காலும் ஒன்று, அதைக் கழிவு வாசல் என்பது பொருந்தவே இல்லை. சுத்தம் செய்கிற வேலையைச் சிறுநீரகங்கள் ஒரு நாள் விடாமல் செய்துகொண்டிருக்கின்றன, தினமும் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, வேண்டியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றோ இரண்டோ லிட்டரை மட்டும் சிறுநீராக அனுப்புகின்றன. ஈயம் மாதிரி நிஜமான விஷம் உடம்பில் ஏறியிருந்தால் அது ரத்தப் பரிசோதனையில் எண்ணாகவே தெரியும். அளவு அதிகமாக இருந்தால், அதைப் பிடித்துச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிற மருந்துகள் இருக்கின்றன, டாக்டர் கண்காணிப்பில் கொடுப்பார்கள். டீடாக்ஸ் என்று யாராவது சொன்னால் எந்த நச்சு, அதன் பெயர் என்ன, முன்பு எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு என்று கேளுங்கள்.

இரவில் பாதத்தில் ஒட்டிக்கொண்டு படுத்தால் காலையில் கறுத்துப்போகிற பேட்களும் இதே வகைதான். உள்ளே பெரும்பாலும் மர வினிகர் பொடி இருக்கும், அது ஈரம் பட்டால் நிறம் மாறும். ஒரு பேடின் மேல் நல்ல தண்ணீர் சில சொட்டு விட்டுப் பாருங்கள், அதுவும் கறுக்கும். இப்படிப்பட்ட பேட்களை விற்றவர்கள் மேல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2009இல் வழக்குப் போட்டது.

நிறம் பொய் என்றாலும் அக்கா சொன்ன ஒன்றை நான் முழுசாக நம்புகிறேன்: "உக்காந்து எழுந்தா உடம்பு லேசான மாதிரி இருக்கு." வெந்நீரில் அரை மணி நேரம் காலை வைத்து, வேலையும் போனும் இல்லாமல் உட்கார்ந்தால் யாருக்குமே அப்படித்தான் இருக்கும். பாதத்து ரத்தக் குழாய்கள் விரிவதால் உடம்பின் உள்சூடு மெல்ல வெளியேறுகிறது, தூக்கம் சீக்கிரம் வருவதற்கும் இது உதவும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு பத்து நிமிடம் போதும். இதற்கு மெஷின் தேவையே இல்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பலர் கால் வைக்கிற தொட்டி சரியாகக் கழுவப்படாமல் இருந்தால் அது நோயைத்தான் கொடுக்கும். 2000ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஒரு அழகு நிலையத்தின் கால் தொட்டிகள் மூலமாக நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் காலில் கட்டிகள் வந்தன. தண்ணீரை உறிஞ்சும் சல்லடைக்குப் பின்னால் முடியும் தோலும் சேர்ந்து, அதில் கிருமி வளர்ந்திருந்தது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மின்சாரம் பாய்கிற இந்தத் தண்ணீரில் கால் வைக்காமல் இருப்பதே நல்லது.

அக்கா மூன்றாவது முறைக்குப் போகவில்லை. கைப்பையில் இருந்த சீட்டை எடுத்துக்கொண்டு ரத்தம் கொடுக்கப் போனோம், நானும் கூடவே போனேன். கல்லீரல் நன்றாகவே இருந்தது. ஹீமோகுளோபின் 8.6தான், ரொம்பக் குறைவு. உடம்பில் இரும்புச்சத்தே இல்லாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவள், அத்தனை நாளும் துருப்பிடித்த இரும்பைப் பார்த்துத் தன் கழிவு என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். ரத்தம் எங்கே குறைகிறது என்று கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு மாதத்தில் படியேறும்போது பேசிக்கொண்டே ஏறினாள்.

ராத்திரி வெந்நீரில் கால் வைக்கிற பழக்கத்தை அவள் விடவில்லை, விடச் சொல்லவும் இல்லை. ஒரு பக்கெட், வெதுவெதுப்பான தண்ணீர், அவ்வளவுதான். சர்க்கரை நோய் இருக்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் கவனமாக இருங்கள், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வரும் வரைக்கும் சூடு தெரியாது. டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். காலை வைப்பதற்கு முன் முழங்கையை நனைத்துச் சூடு பாருங்கள், எழுந்ததும் விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள்.