பாயிண்ட் 25-ஆ, 27-ஆ?

வாழப்பாடிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கு பார்க்கிறேன். சேலத்தில் ஆத்தூர் பஸ் ஏறி, அயோத்தியாப்பட்டணம் தாண்டி, இடப்பக்கம் சேர்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டே போனால், ஆலை வருவதற்கு முன்பே அதன் புளித்த வாடை வந்துவிடும். புதிதாக வருபவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். பதினோரு வருஷமாகிவிட்டதால் எனக்கு அது தெரிவதில்லை.

2022 தீபாவளி முடிந்த கையோடு முதலாளி ஐயா கூப்பிட்டார். அவருடைய மகன் எங்கேயோ ஒரு கம்பெனிக்குப் போயிருந்தபோது சுவரில் பெரிய திரையில் விற்பனை விவரமெல்லாம் வண்ண வண்ணமாக ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "ஏம்மா, நம்மளுக்கும் அந்த மாதிரி ஒண்ணு போட முடியுமா? எக்செல்லுல நீ எல்லாம் வெச்சிருக்கியே?" என்றார். வைத்திருந்தேன்தான். மாதத்துக்கு ஒரு ஃபைல், ஒவ்வொரு ஃபைலிலும் தேதிக்கு ஒரு ஷீட். தரவைத் தொகுக்கிற பைவட் டேபிள் போடத் தெரியும், பட்டியலில் தேடி எடுக்கிற விலுக்கப் தெரியும். அதை வைத்து எங்கள் வட்டாரத்தில் நான் பெரிய ஆள்.

சேலத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். எட்டு வாரம் பவர் பிஐ, தரவைத் திரையில் படங்களாகக் காட்டுகிற மைக்ரோசாஃப்ட் மென்பொருள். சொல்லிக்கொடுத்தவர் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் எல்லாப் பாடமும் மைக்ரோசாஃப்ட் தருகிற மாதிரித் தரவை வைத்துத்தான். சைக்கிள் விற்கிற ஒரு கற்பனைக் கம்பெனி அது. ஒரு சைக்கிள் விற்றால் ஒரு வரி, அதில் ஒரு விலை, ஒரு ஊர். எல்லாம் துடைத்து வைத்தது போல இருக்கும். எட்டு வாரம் சைக்கிள் விற்றுவிட்டு ஆலைக்குத் திரும்பினால், எங்கள் தரவில் ஆத்தூர் என்ற ஊரை மட்டும் ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதி வைத்திருந்தோம். ஒரு டி போட்டது, இரண்டு டி போட்டது, எச் சேர்த்தது, முன்னால் இரண்டு ஏ போட்டது, பெயருக்கு முன்னால் ஓர் இடைவெளியை விட்டது. அந்த ஐந்தாவதுதான் பொல்லாதது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வரைபடத்தில் தனி ஊராக வந்து நிற்கும். தரவைச் சுத்தம் செய்கிற பவர் குவெரியில், ஓர இடைவெளியை வெட்டுகிற டிரிம் போட்டு அதைப் பிடித்தேன். மற்ற நான்குக்கும் ஒரு பொருத்தப் பட்டியல் எழுதினேன். இப்போது எடைமேடையில் ஊர் பெயரைத் தட்டச்சு செய்வதே இல்லை, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதுதான்.

அடுத்து விழுந்த அடி பெரிது. எங்களிடம் இருந்தவை முக்கியமாக மூன்று கணக்கு. ஜவ்வரிசிக்கான மரவள்ளிக் கிழங்கு வண்டி வரவு, தினசரி உற்பத்தி, விற்பனை பில். மூன்றிலும் தேதி இருக்கிறதே என்று, வரவையும் விற்பனையையும் தேதியை வைத்து ஒன்றாக இணைத்துவிட்டேன். திரையில் அன்றைய கிழங்கு வரவு மலை போல நின்றது. எடைமேடை அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை வண்டி வந்திருந்தா ரோடு வரைக்கும் நின்னிருக்குமே பாப்பா" என்றார். அன்று வந்தது ஆறு வண்டி, போட்டது நான்கு பில். தேதியை வைத்து இணைத்ததும் ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு பில்லோடும் சோடி சேர்ந்து இருபத்து நான்கு வரி ஆகிவிட்டது. ஒவ்வொரு வண்டியையும் நான்கு முறை எடை போட்டிருக்கிறேன்.

வகுப்பில் ஸ்டார் ஸ்கீமா என்று ஒரு படம் போட்டிருந்தார்கள். பரீட்சைக்குப் படிப்பதுபோல அதைப் படித்துவிட்டு மறந்திருந்தேன். அடி வாங்கிய பிறகு அது தானாகப் புரிந்தது. மூன்று கணக்கும் தனித்தனி அட்டவணையாகவே இருக்கட்டும். நடுவில் தேதிக்கென்று ஓர் அட்டவணை, ஊருக்கு ஒன்று, சரக்கின் ரகத்துக்கு ஒன்று. கணக்குகள் ஒன்றோடொன்று நேரே பேசக் கூடாது, இந்தப் பொது அட்டவணைகள் வழியாகத்தான் பேச வேண்டும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்த அட்டவணையில் ஒரு வரி என்பது எது? வண்டியா, ஷிஃப்டா, பில்லில் ஒரு சரக்கா? அந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. உற்பத்திப் பக்கம் சிலர் ஷிஃப்டுக்கு ஒரு வரியும், சிலர் நாளுக்கு ஒரு வரியும் எழுதி வந்திருந்தது அன்றுதான் தெரிந்தது.

இனி பாயிண்ட். மரவள்ளிக் கிழங்கை ஆலைகள் வெறும் எடைக்கு வாங்குவதில்லை. மாதிரி எடுத்துப் பார்த்து மாவுச்சத்து எவ்வளவு என்று பாயிண்டாகச் சொல்லி, பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை போடுவார்கள். 28 பாயிண்ட் என்றால் நூற்றுக்கு இருபத்தெட்டு மாவு. விவசாயிக்கும் ஆலைக்கும் நடக்கிற பாதிச் சண்டை இந்தப் பாயிண்டில்தான்.

அன்றைய சராசரிப் பாயிண்ட் என்ன என்று திரையில் காட்ட வேண்டும். பாயிண்ட் எழுதியிருந்த நெடுக்குப் பத்தியை இழுத்துத் திரையில் போட்டேன். 50 என்று காட்டியது. எண் என்று கண்டால் பவர் பிஐ முதலில் கூட்டிவிடும். இரண்டு வண்டி, 28-உம் 22-உம், கூட்டினால் 50. சரி என்று சராசரிக்கு மாற்றினேன். 25 வந்தது. எனக்குத் திருப்தி. இரண்டு மாதம் அப்படியே ஓடியது.

பிடித்தவர் எங்கள் கணக்குப்பிள்ளை ஐயா. எழுபதைத் தொட்டவர், கணினியைத் தொடாதவர். திரையையும் தன் நோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "முதல் வண்டி எத்தனை டன்னு?" என்றார். பத்து. "ரெண்டாவது?" இரண்டு. "அப்ப ரெண்டும் ஒண்ணா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். சிவப்புப் பேனாவால் நோட்டின் ஓரத்தில் போட்டுக் காட்டினார். பத்தை இருபத்தெட்டால் பெருக்கினால் 280, இரண்டை இருபத்திரண்டால் பெருக்கினால் 44, ஆக 324. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 27.

25-க்கும் 27-க்கும் இரண்டுதானே வித்தியாசம் என்று தோன்றும். பன்னிரண்டு டன் கிழங்கில் 25 பாயிண்ட் என்றால் மூன்று டன் மாவு இருக்க வேண்டும். 27 என்றால் 3,240 கிலோ. நடுவில் இருக்கிற 240 கிலோ எங்கே போனது? என் திரையில் ஆலை அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. நிஜத்தில் அந்த மாவு அரைபடாமல் திப்பியோடு, அதாவது சக்கையோடு, மாட்டுத் தீவனத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கலாம், என் திரை அதைப் போர்வை போட்டு மூடியிருந்தது. விவசாயிகளுக்குப் பணம் வண்டிவாரியாகத்தான் போடுகிறோம், அதில் தவறு நடக்கவில்லை. ஆனால் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சம்எக்ஸ் என்ற ஃபங்ஷன் அந்தச் சிவப்புப் பேனா செய்ததைத்தான் செய்கிறது. வரிக்கு வரி போய் டன்னையும் பாயிண்டையும் பெருக்கிக் கூட்டும். அதை மொத்த டன்னால் டிவைட் என்ற ஃபங்ஷனை வைத்து வகுக்கிறேன். சாதாரண வகுத்தல் குறியை விட்டுவிட்டு டிவைட் போடுவதற்குக் காரணம், மொத்த டன் பூஜ்யமாகப் பதிவான நாளில் பூஜ்யத்தால் வகுத்துத் திரையைக் குப்பையாக்காமல் கட்டத்தைக் காலியாக விடும். மேலே வரிகளில் 28, 22 என்று இருக்க, அடியில் 27 என்று வருவதைப் பார்த்து இப்போதும் யாராவது "கூட்டினா வரலையே" என்பார்கள். கணக்குப்பிள்ளை ஐயாதான் பதில் சொல்வார், நான் வாய் திறப்பதில்லை.

கால்குலேட் ஃபங்ஷனோடு ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். ஃபில்டர் கான்டெக்ஸ்ட் என்று இணையத்தில் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். எனக்குப் புரிந்தது ஆலைக்குள் போய் நின்றபோது. உருட்டிய குருணையைச் சல்லடையில் போட்டு ஆட்டுகிறார்கள். மேலே நிற்பது ஒரு ரகம், கீழே விழுவது ஒரு ரகம். திரையில் ஒருவர் ஆத்தூர் என்று சொடுக்கினால் அது ஒரு சல்லடை. பிப்ரவரி என்று சொடுக்கினால் அதன்மேல் இன்னொன்று. எந்த மெஷரும், அதாவது திரைக்கு நாம் எழுதுகிற எந்தக் கணக்கும், இந்தச் சல்லடைகளில் சலித்து வந்ததைத்தான் எண்ணும். கால்குலேட் செய்வது எண்ணுவதற்கு முன்னால் சல்லடையை மாற்றுவது. ஊர்வாரியாகப் பங்கு சதவீதம் போட்டபோது எந்த ஊரைச் சொடுக்கினாலும் 100 என்று வந்ததற்குக் காரணம், வகுக்கிற எண்ணும் அதே சல்லடையில் விழுந்திருந்தது. கீழ் எண்ணுக்கு மட்டும் கால்குலேட்டுக்குள் ஆல் என்ற ஃபங்ஷனை வைத்து ஊர்ச் சல்லடையை எடுத்துவிட்டு, மாதச் சல்லடையை அப்படியே விட்டேன். கொல்லிமலைக் கிழங்கின் பங்கு சரியாக வந்தது. எல்லாச் சல்லடையையும் எடுத்துவிட்டால் மாதமும் போய்விடும், அதையும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டேன்.

இதையெல்லாம் கற்ற தெம்பில் திரையில் பதினோரு ஸ்லைசர், அதாவது ஊர், மாதம் என்று சொடுக்கித் தேர்ந்தெடுக்கிற கட்டங்கள், வைத்தேன். பொத்தான்கள், புக்மார்க்குகள், மேலே மௌஸ் வைத்தால் விரியும் குட்டிப் படங்கள். திருவிழா ராட்டினம் மாதிரி இருந்தது. முதலாளி ஒன்றைக்கூடச் சொடுக்கவில்லை. சொடுக்கினால் ஏதாவது அழிந்துவிடும் என்று பயந்திருக்கிறார், அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. இப்போது மூன்று ஸ்லைசர்தான். இன்டராக்டிவ் என்று நான் சேர்த்த வித்தைகளில் நிலைத்தது ட்ரில் த்ரூ ஒன்று மட்டும். ஒரு நாளின் மேல் வலது சொடுக்கு போட்டால் அன்றைய வண்டிச் சீட்டுகள் வரிசையாக வரும், சீட்டு எண்ணோடு. கணக்குப்பிள்ளை ஐயா நோட்டை வைத்து இருபது நாள் சரிபார்த்தார். இருபத்தோராவது நாள் நோட்டை மூடி வைத்தார்.

இடையில் ஒரு கூத்து. தினமும் அதிகாலை தரவு தானாகப் புதுப்பித்துக்கொள்ள, ஆபீஸ் கணினியில் கேட்வே நிறுவினேன், அங்கிருக்கும் ஃபைல்களைப் பவர் பிஐ-க்கு அனுப்புகிற மென்பொருள் அது. அந்தக் கணினி விழித்திருந்தால்தான் வேலை நடக்கும். ஒரு வாரமாகப் பழைய எண்ணே வருகிறது. பாஸ்வேர்டு மாற்றினேன், மறுபடி நிறுவினேன், இணையம் முழுக்கத் தேடினேன். கடைசியில் பார்த்தால் வாட்ச்மேன் தாத்தா ராத்திரி ரவுண்டு வரும்போது, கரண்ட் வீணாகிறதே என்று சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

2023 ஆகஸ்ட் கடைசியில் விற்பனைப் பக்கத்தில் பெரிய சிவப்பு அம்பு கீழ்நோக்கி நின்றது. சேம்பீரியட்லாஸ்ட்இயர் என்ற ஃபங்ஷனை வைத்துப் போன வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிட்டிருந்தேன். ஃபார்முலா சரி, கூட்டல் சரி, இறக்கம் நிஜம். கவலையோடு முதலாளியிடம் காட்டினேன். அவர் சிரித்தார்.

"வடக்கே இந்த வருஷம் அதிக மாசம் வந்துச்சேம்மா, பஞ்சாங்கத்துல ஒரு மாசம் கூடிடுச்சு. பண்டிகையெல்லாம் தள்ளிப் போகுது. நவராத்திரி எப்ப, பாத்தியா?"

பார்க்கவில்லை. நம்மூரில் ஜவ்வரிசி பாயசத்துக்கும் வடாமுக்கும். மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் அது விரதச் சாப்பாடு. நவராத்திரிக்கு முன்னால்தான் அங்கிருந்து ஆர்டர் குவியும். 2022-இல் நவராத்திரி செப்டம்பர் 26-இல் தொடங்கியது. 2023-இல் அக்டோபர் 15. பத்தொன்பது நாள் தள்ளி. நான் இங்கிலீஷ் காலண்டரைப் பிடித்துக்கொண்டு, ஆர்டர் வந்து குவிந்த மாதத்தை ஆர்டர் வராத மாதத்தோடு ஒப்பிட்டிருக்கிறேன். இது எந்த வீடியோவிலும் இல்லை. இருக்கவும் முடியாது, அவர்கள் சைக்கிள் விற்கிறார்கள்.

தேதி அட்டவணைக்கு அன்று இரண்டு பத்தி கூடியது. ஒன்று, நவராத்திரிக்கு இன்னும் எத்தனை நாள் என்பது. விற்பனையை இப்போது அதை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன், நாற்பது நாள் முன்னால் இந்த வருஷம் எவ்வளவு, போன வருஷம் எவ்வளவு என்று. இன்னொன்று, சீசன். அரவை மழைக்காலத்தில் சூடுபிடித்து மாசி, பங்குனி வரை போகும். நிதியாண்டோ மார்ச் 31-இல் வெட்டிவிடும். ஆடிட்டருக்கு நிதியாண்டு, முதலாளிக்குச் சீசன். இரண்டுக்கும் ஒரே திரைதான், ஒரு ஸ்லைசரில் மாறிக்கொள்ளும். மேலே சொன்ன மூன்றில் அது ஒன்று. அதை மட்டும் முதலாளி தானே சொடுக்குகிறார்.

போன வாரம் எடைமேடை அண்ணன் டீ டம்ளரோடு வந்து என் மேஜையோரம் நின்றார். "பாப்பா, மழை பெஞ்சா பாயிண்டு எறங்கும். அதுக்கு ஒரு கட்டம் போட முடியுமா? எந்த ஊர்ல என்னிக்கு பெஞ்சுதுன்னு வண்டிக்காரங்க சொல்லுவாங்க, நான் எழுதிடறேன்."

எடைமேடைச் சீட்டில் 'மழை' என்று ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். ஆம், இல்லை, தெரியாது என்று மூன்றே தேர்வு. இதுவரை வந்த வண்டிகளில் தலைவாசல் ஊர்ப் பக்கத்து வண்டி ஒன்றுக்கு மட்டும் 'ஆம்' விழுந்திருக்கிறது. மற்றதெல்லாம் 'தெரியாது'.